தேனீயின் நான்காம் பங்கு



மார்கழிப் பூரணை நாளாகிய இன்று, மும்மணிகளைச் சரணடைந்து, பஞ்சசீலத்தை மீண்டும் ஏற்றுக்கொண்டு இங்கே அமர்ந்திருக்கின்றோம். உயிர்க்கொலை செய்யாமை முதலாவது சீலம்; கொடுக்கப்படாததைக் கொள்ளாமை இரண்டாவது சீலம். இவ்விரண்டையும் நாள்தோறும் ஓதுகின்றோம். நம் கையால் எவ்வுயிரையும் கொன்றதில்லை, பிறருடைய பெட்டியைத் திறந்ததில்லை, ஆகவே இவ்விரு சீலங்களும் நம்மிடத்தில் பழுதின்றி இருக்கின்றன என்று மனநிறைவும் கொள்ளுகின்றோம். அம்மனநிறைவு மெய்யானதுதானா என்று சோதித்துப் பார்ப்பதற்கு இன்று ஒரு சிற்றுயிரைத் துணைக்கு அழைக்கின்றோம். அவ்வுயிர் தேனீ.

முதலில் எமது குற்றத்தைச் சொல்லிவிடுவதே முறை. எமது சங்கத்தின் தோட்டத்தில், மாமரத்தடியில், ஒரு தேனீப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்தவை நம் நாட்டு அடுக்குத் தேனீக்கள். வங்காளத்துப் பௌத்தர்கள் மது பூர்ணிமா என்னும் திருநாளில் விகாரையில் தேன் படைத்துத் தானம் செய்வதைக் கேள்வியுற்று, நாமும் அவ்வாறே செய்ய ஆசைப்பட்டோம். அந்நாள் பாத்ரபத மாதத்துப் பூரணை. அஃதாவது பெங்களூரில் மழை ஓயாத காலம். நாம் காலத்தை நோக்கவில்லை; தானத்தை மட்டுமே நோக்கினோம். பெட்டியைத் திறந்து, அடையில் இருந்த தேன் முழுவதையும் வழித்தெடுத்து, புத்தர் திருவுருவின் முன் வைத்து வணங்கினோம். கூடியிருந்தோர் அனைவரும் சாது சொல்லி மகிழ்ந்தனர். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது பெட்டி வெறுமையாய்க் கிடந்தது. அடையின் அறைகளில் சில காய்ந்த புழுக்கள் மட்டும் எஞ்சியிருந்தன. தேனீக்கள் எங்கோ போய்விட்டன. நாம் வருந்தினோம், ஆயினும் காரணத்தை ஆராயவில்லை. வந்தவை போயின என்று விட்டுவிட்டோம்.

காரணத்தை எமக்கு உணர்த்தியவர் இமயமலைச் சாரலில் வாழும் ஓர் ஏழைக் குடியானவர். சென்ற ஆண்டு மார்கழியில் சாரநாத்தைத் தரிசித்த பின், இமாசலப் பிரதேசத்தின் ரிவால்சர் ஏரிக்குச் சென்று வணங்கி, அங்கிருந்து குல்லு பள்ளத்தாக்கின் ஒரு சிற்றூரை அடைந்து ஓரிரவு தங்கினோம். அவ்வூர் வீடுகளின் சுவர்கள் கல்லும் மரமும் மண்ணும் கலந்து தடிப்பாக எழுப்பப்பட்டவை. நாம் தங்கிய வீட்டின் வெளிச்சுவரில் விரல் நுழையுமளவு ஒரு சிறு துளை இருந்தது. நண்பகலில் வெயில் ஏறியபோது அத்துளையிலிருந்து நாலைந்து தேனீக்கள் வெளிவந்து, சிறிது நேரம் பறந்து, மீண்டும் உள்ளே புகுந்தன. சுவருக்குள்ளேயே ஒரு மாடம். அதுவே அவற்றின் வீடு. அறையின் உட்புறத்தில் அம்மாடத்தைப் பலகையால் மூடி, விளிம்புகளில் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசியிருந்தார்கள். அடுப்பின் கதகதப்பு அச்சுவரையும் எட்டிக்கொண்டிருந்தது. இமாசலத்து மலையூர்களில் இது பன்னெடுங்கால வழக்கம்.

எம்முடன் வந்த அன்பர் ஒருவர், "ஐயா, விகாரையில் படைப்பதற்குச் சிறிது தேன் வேண்டும். கேட்ட விலை தருகின்றோம், மாடத்தைத் திறந்து எடுத்துத் தாருங்கள்" என்று வேண்டினார். அக்குடியானவர் கைகூப்பினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. "எங்கள் பங்கை ஐப்பசியிலேயே எடுத்துவிட்டோம். அதுவும் விற்றுத் தீர்ந்தது. உள்ளே இருப்பது என்னுடையது அன்று. பனி கரையும்வரை அது அவற்றின் சோறு. விலை பேச நான் யார்?" என்றார்.

அவர் பௌத்தர் அல்லர். திரிபிடகத்தின் பெயரையும் அவர் கேட்டிருக்கமாட்டார். ஆயினும் இரண்டாவது சீலத்தின் பொருளை அவரே எமக்கு விளக்கினார். புண்ணியம் தேடிச் சென்ற நாம் அன்றிரவு தலைகுனிந்து உறங்கினோம்.

அன்பர்களே! குளிர்காலம் தேனீக்கு எத்தகையது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்; உயிர்களின் துன்பத்தை அறியாதவனுக்குக் கருணை வெறும் சொல்லே ஆகும்.

மலைநாட்டில் பனி விழும்போது பூக்கள் இல்லை. தேனும் மகரந்தமும் வரும் வழி அடைபட்டுவிடுகின்றது. வெளியே வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேனீயால் பறத்தல் அரிது. பல பூச்சியினங்கள் குளிர்காலத்தை உறக்கத்தில் கழிக்கின்றன. தேனீக் குடியோ உறங்குவதில்லை. ஆயிரக்கணக்கான தேனீக்கள் அடைகளின் நடுவே ஒன்றையொன்று நெருங்கி ஒரு பந்துபோல் திரளுகின்றன. அப்பந்தின் நடுவில் இராணித் தேனீ இருக்கும். பறப்பதற்குரிய தசைகளை, சிறகை அசைக்காமலே, அவை நடுக்குகின்றன. அந்நடுக்கத்தினால் வெப்பம் பிறக்கின்றது. குஞ்சு வளர்க்கும் காலமாயின் நடுப்பகுதியில் 34 அல்லது 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் காக்கின்றன. வெளி விளிம்பில் குளிர்ந்து போனவை உள்ளே நகர்கின்றன. உள்ளே சூடேறியவை வெளியே வந்து இடம் மாறுகின்றன. எது முந்தியது, எது பிந்தியது என்ற வழக்கு அங்கே இல்லை.

இந்த வெப்பத்துக்கு விறகு எது? தேன்தான். கோடையில் பூப்பூவாய் அலைந்து சேர்த்த தேனை உண்டே அவை நடுங்குகின்றன. நடுங்கியே உயிர் தரிக்கின்றன. தேன் தீர்ந்தால் வெப்பம் தீரும். வெப்பம் தீர்ந்தால் அக்குடி முழுவதும் ஓரிரவில் மாண்டு, அடையின் அடியில் குவியலாய்க் கிடக்கும். கோடையில் உழைக்கும் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஏறக்குறைய ஆறு வாரமே. குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் பிறப்பவையோ பல மாதம் வாழ்ந்து, அடுத்த வசந்தத்தின் முதற் குஞ்சுகளை வளர்த்துவிட்டே மறைகின்றன. கோடையில் தேன் சேர்த்தவை அத்தேனை உண்ண இருப்பதில்லை; பின்வருவோருக்கென்றே அவை சேர்த்தன.

இனி பகவானின் வாக்கை நினைவு கூர்வோம். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு உபதேசித்தபோது, தேனீ தேன் திரட்டுவதுபோல் இல்லறத்தான் பொருள் திரட்டவேண்டும் என்று பகவான் உவமை கூறினார். அவ்வாறு திரட்டிய பொருளை நான்கு பங்காக்கி, ஒரு பங்கைத் துய்க்கவும், இரண்டு பங்கைத் தொழிலில் இடவும், நான்காம் பங்கைத் துன்பக் காலத்துக்கெனச் சேமிக்கவும் பணித்தார். இவ்வுபதேசத்தை நம் குடும்பங்களில் பலகாலும் எடுத்துச் சொல்லுகின்றோம். சீட்டுக் கட்டுகின்றோம், அஞ்சலகத்தில் சேமிக்கின்றோம், மகளின் படிப்புக்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வைக்கின்றோம். அந்த நான்காம் பங்கை ஒருவன் கொள்ளையடித்துச் சென்று, கோயிலில் காணிக்கையாக இட்டு, எனக்குப் புண்ணியம் உண்டாயிற்று என்று சொல்லுவானாகில் நாம் ஒப்புவோமா? நம்முன்னோர் உழைப்பின் பலனைப் பிறர் கொண்டுபோன கதை நாம் ஏட்டில் படித்ததன்று. பாட்டன் வாயிலாகக் கேட்டது. பத்தாயத்தை வழித்துச் சென்றவனுடைய தர்மப் புகழ் எத்தகையது என்பதை அறிந்த நாமே, தேனீயின் பத்தாயத்தை வழித்தோம். அடையில் உள்ள தேனின் ஒரு பகுதி அக்குடியின் நான்காம் பங்கு. அதைத் தொடுவது கொடுக்கப்படாததைக் கொள்வதாகும். அதனால் அக்குடி அழிந்தால் முதலாவது சீலத்துக்கும் ஊறு நேர்கின்றது.

"பகவானே தேனை ஏற்றாரன்றோ?" என்று சிலர் வினவலாம். ஏற்றார். போதிமரத்தடியில் ஞானம் எய்திய பின், தபுஸ்ஸர், பல்லிகர் என்னும் வணிகர் இருவர் மாவும் தேனும் கலந்த உணவை அவருக்கு அளித்தனர். நோயுற்ற பிக்குகள் கொள்ளத்தக்க ஐவகை மருந்துகளில் தேனும் ஒன்று என விநயம் கூறுகின்றது. ஆகவே தேன் விலக்கப்பட்ட பொருள் அன்று. ஆயினும் மது பூர்ணிமாவுக்கு மூலமாகிய பாரிலேயக வனத்துக் கதையை முழுமையாகக் கேட்டல் வேண்டும்.

கோசாம்பியில் பிக்குகள் தமக்குள் கலகம் விளைத்தபோது, பகவான் அவர்களை நீங்கிப் பாரிலேயக வனத்தில் தனித்து வசித்தார். ஒரு யானை அவருக்குப் பணிவிடை செய்தது. அதைக் கண்ட ஒரு குரங்கு, தானும் ஏதேனும் செய்ய விரும்பி, ஒரு கொம்பில் இருந்த தேனடையைக் கொண்டுவந்து அளித்தது. தம்மபத உரை இவ்விடத்தில் இரண்டு நுட்பங்களைச் சொல்லுகின்றது. அந்த அடை, ஈக்கள் நீங்கிப்போன அடை என்பது ஒன்று. பகவான் அதைக் கையில் வாங்கியும் உண்ணாமல் இருந்தார் என்பது மற்றொன்று. குரங்கு ஏனென்று கலங்கி, அடையைத் திருப்பிப் பார்த்தது. அதில் முட்டைகள் இருக்கக் கண்டு, அவற்றை மெல்ல அகற்றிவிட்டு மீண்டும் அளித்தது. அதன் பின்னரே பகவான் உண்டார்.

அன்பர்களே, நாம் குரங்கின் மகிழ்ச்சியைக் கொண்டாடினோம்; பகவானின் தயக்கத்தை மறந்தோம்! அந்தத் தயக்கமே கதையின் உயிர். அடையைத் திருப்பிப் பார்க்க ஒரு குரங்குக்குத் தெரிந்தது. சீலம் ஏற்ற எமக்குத் தெரியவில்லை.

மாரிக்காலத்தில் பிக்குகள் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்னும் வஸ்ஸ விதியின் பிறப்பையும் எண்ணுவோம். மழையில் நடந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றார்கள் என்று மக்கள் குறைகூறினர்; பகவான் அக்குறையைக் கேட்டு விதியை அமைத்தார். அசோக மன்னன் தனது ஐந்தாம் தூண் சாசனத்தில், உயிர்கள் உறையும் உமியைக் கொளுத்தலாகாது, காரணமின்றிக் காட்டை எரிக்கலாகாது என்று ஆணையிட்டான். உமிக்குள் இருக்கும் புழுவையும் ஒரு பேரரசு கணக்கில் கொண்டது. சுவரில் தேன்கூட்டைக் கண்டவுடன் தீப்பந்தம் தேடும் நாம் அவ்வரசின் வழியினர் என்று எவ்வாறு சொல்லிக்கொள்வோம்?

இனிச் செய்யத்தக்கவை யாவை? கருணை மனத்தில் தோன்றிக் கையில் முடியவேண்டும். சிம்லா, குல்லு, டேராடூன் போன்ற மலைநாடுகளில் பணிசெய்து வாழும் நம்மவர்க்கு முதலில் சொல்லுகின்றோம்.

முதலாவது, இலையுதிர் காலத்தில் தேன் எடுக்கும்போது குளிர்காலத்துக்குப் போதுமானதை விட்டு எடுங்கள். போதுமா, போதாதா என்ற ஐயம் எழுந்தால் விட்டுவிடுவதே தர்மம். இருப்புக் குறைந்திருந்தால், குளிர் இறுகுமுன்னரே, இரண்டு பங்கு வெள்ளைச் சர்க்கரையை ஒரு பங்கு நீரில் கரைத்துக் கூட்டுக்குள் வையுங்கள். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் நமக்கு நல்லவை. குளிரில் அடைபட்ட தேனீக்கோ அவை வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கடையில் வாங்கிய தேனையும் ஊட்டாதீர்கள். பிற கூடுகளின் நோய் அதன்வழி வரலாம். பாகை மாலையில் வைப்பதும், வெளியே சிந்தாமல் காப்பதும் வேண்டும். சிந்தினால் அயற்கூட்டுத் தேனீக்கள் மணமறிந்து கொள்ளையிட வரும்.

இரண்டாவது, குளிரைவிட ஈரமே பெரும்பகை என்று அறியுங்கள். உள்ளே எழும் மூச்சின் ஈரம் கூரையில் நீராய்த் திரண்டு தேனீக்களின்மீது சொட்டினால் அவை மடியும். பெட்டியை முன்புறம் சற்றே சாய்த்து வையுங்கள். ஈரக்காற்று வெளியேற மேலே சிறுவழி இருக்கட்டும். வாயிலைச் சுருக்குங்கள், முற்றிலும் அடைக்காதீர்கள். வைக்கோலாலோ உலர்ந்த புல்லாலோ பெட்டியைச் சூழ்ந்து கட்டுங்கள். காலை வெயில் படுமாறும், வாடைக்காற்று படாதவாறும் இடம் தேருங்கள்.

மூன்றாவது, குளிர் நாட்களில் பெட்டியைத் திறந்து பாராதீர்கள். அன்பினால் திறந்தாலும் சேர்த்துவைத்த வெப்பம் ஒரு நொடியில் போய்விடும். நோயாளி உறங்கும் அறையின் கதவை நாம் அடிக்கடி திறப்பதில்லையே.

நான்காவது, கூடு கட்டி வாழும் தேனீக்கள் மட்டுமே தேனீக்கள் அல்ல. தனித்து வாழும் இனங்கள் பல. அவற்றின் குஞ்சுகள் காய்ந்த தண்டின் துளையிலும், பட்டமரத்திலும், மண்ணுக்குள்ளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மலைகளில் வாழும் பம்பிள் என்னும் பருத்த தேனீ இனத்தில், பழைய குடி முழுவதும் இலையுதிர் காலத்தில் மாண்டுவிட, கருவுற்ற இளம் இராணி மட்டும் மண்ணில் புதைந்து பிழைக்கும். ஆதலின் தோட்டத்தைக் குளிர்காலத்தில் மழித்ததுபோல் துப்புரவாக்கவேண்டாம். காய்ந்த தண்டுகளை வசந்தம்வரை நிற்கவிடுங்கள். உதிர்ந்த இலைகளை ஒரு மூலையில் கிடக்கவிடுங்கள். சிறிது நிலத்தைக் கொத்தாமல் விடுங்கள். சருகைக் கொளுத்துமுன் அசோகனின் உமியை நினையுங்கள்.

ஐந்தாவது, பூவில்லாக் காலத்துக்குப் பூ வையுங்கள். பத்மம் எனப்படும் இமயக் காட்டுச் செர்ரி மரம் ஏனைய மரங்கள் ஓய்ந்தபின் ஐப்பசி, கார்த்திகையில் பூக்கின்றது. ஒரு மரம் நட்டால் பல குடிகளுக்குக் கடைசி விருந்து.

பெங்களூர், தங்கவயல் முதலிய இடங்களில் வாழும் நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆயினும் தேனீயின் பஞ்சகாலம் உண்டு, அது மழைக்காலம். ஆனி முதல் புரட்டாசி வரை தொடரும் மழையில் பூவின் தேன் கழுவுண்டு போகும், பறக்கவும் இயலாது. அக்காலத்தில் இருப்பை இழந்த அடுக்குத் தேனீக்கள் கூட்டைக் கைவிட்டுப் பறந்துவிடும் இயல்புடையன. எமது பெட்டி வெறுமையான காரணம் இதுவே! இங்கே மழைக்குமுன் தேன் எடுப்பவர்கள் ஒரு பகுதியை விட்டே எடுத்தல் வேண்டும். துளசி, தும்பை, சூரியகாந்தி, பூசணி, கொடிரோஜா ஆகியவற்றை வேலியோரம் வளர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஓட்டு வீட்டின் முற்றத்தில் இரண்டு தொட்டி வைக்கவும் இடமுண்டு. பூத்திருக்கும் செடியின்மீது பூச்சிமருந்து தெளிக்காதிருப்பதற்குக் காசே வேண்டியதில்லை. 1991, 1992 ஆம் ஆண்டுகளில் பரவிய ஒரு வைரஸ் நோயினால் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் குடிகளில் பெரும்பாலானவை மடிந்தன. அந்த அழிவிலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவையே இன்று நம் சுவரிலும் மரப்பொந்திலும் அடை கட்டுகின்றன. அவற்றை விரட்டும் கைக்கு இது நினைவிருக்கட்டும்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லுகின்றோம். தேனீயைத் தெய்வமாக்க வேண்டாம். அதன் ஒழுக்கம் முழுவதையும் நமக்கு விதியாக்கவும் வேண்டாம். குளிர்நாட்டுத் தேனீக்கள், பஞ்சம் நெருங்கும்போது ஆண் ஈக்களைக் கூட்டிலிருந்து துரத்திவிடுகின்றன. அவை வெளியே பசித்து இறக்கின்றன. பயனற்றவரைத் துரத்துவது பூச்சியின் வழி. பயன் கருதாமல் பசித்தவர்க்கெல்லாம் சோறிடுவது மணிமேகலையின் வழி. அதுவே நம் வழி. மனிதனுக்குத் தேனீயினும் மிக்க அறிவு வாய்த்தது, அதனினும் மிக்க கருணை செய்வதற்கே. தேனீ நமக்குத் தேன் தருகின்றது, நம் பயிரைக் காய்க்கச் செய்கின்றது, ஆதலால் அதைக் காப்போம் என்பதும் உண்மையே. ஆயினும் அது வணிகனின் உண்மை. அதற்கும் குளிரும், அதற்கும் பசிக்கும், ஆதலால் காப்போம் என்பதே தம்மத்தின் உண்மை.

வரும் மது பூர்ணிமாவுக்கு எமது சங்கம் ஒரு முடிவு செய்திருக்கின்றது. அன்று அடையிலிருந்து ஒரு துளித் தேனும் எடுக்கப்படாது. கோடையில் முறையாக எடுத்து வைத்தது இருந்தால் ஒரு கிண்ணம் படைப்போம். இல்லையேல் வெறுங்கிண்ணத்தையே வைத்து வணங்குவோம். வெறுங்கிண்ணத்தைக் கண்டு பிள்ளைகள் ஏனென்று கேட்பார்கள். அப்போது மாமரத்தடிப் பெட்டியின் கதையையும், குல்லுவின் குடியானவர் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். தம்மத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க, நம் குற்றத்தை ஒப்புக்கொள்வதினும் நல்ல பாடம் வேறில்லை.

அப்பெட்டி இன்னும் மாமரத்தடியிலேயே இருக்கின்றது. அதைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, எறும்பு ஏறாதவாறு கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தி வைத்திருக்கின்றோம். இதுவரை எந்தக் குடியும் வந்து சேரவில்லை. வருமா என்று சொல்ல இயலாது. வந்தால் அதன் நான்காம் பங்கு அதற்கே உரியது.

பனியில் நடுங்கும் உயிர்களும், மழையில் ஒடுங்கும் உயிர்களும், கண்ணுக்குத் தெரிவனவும் தெரியாதனவும், பசியும் அச்சமும் நீங்கி வாழ்வனவாகுக!

சாது! சாது! சாது!